கோடு இரண்டும் நேரேதான்

1.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என்னுடையதில்லை. கலியாண வீட்டுப் பந்தியில் பக்கத்து இலைக்காரி சொன்னது. பாயசம் வந்ததும் பாதியில் நிறுத்திவிட்டாள். மீதியை நான் வேறு வேறு வருஷத்து ஞாபகங்களில் கழற்றிப் பூட்டியிருக்கிறேன். எங்கேயாவது கடகடத்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

2.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "1992. பெற்றோல் செட் வரிசையில் நின்றிருந்த செல்வரட்ணம்—"

[நில்லுங்கள். தொண்ணூற்றிரண்டில், யுத்தமும் எரிபொருள் தடையுமாய் இருக்க, எங்களுக்கு ஏது பெற்றோல் செட்? அந்த வரிசை எண்பத்தைந்தாம் ஆண்டுச் சாமான். கழற்றிவிட்டேன். சோடாப் போத்தலில் மண்ணெண்ணெய், உதைத்துக் கிளப்ப மேலே ஒரு மூடி பெற்றோல். அதுதான் தொண்ணூற்றிரண்டு.]

3.

கொடிகாமம். காலை. மாமரத்தடியில் சாக்கு விரித்து, இரண்டு மோட்டார் சைக்கிள்கள் துண்டு துண்டாகக் கிடக்கின்றன. ஒன்று குணலட்சுமியின் புருஷன் செல்வரட்ணத்துடையது. மற்றது அவளுடைய தங்கை புருஷன் தியாகராசாவுடையது. கரவெட்டியிலிருந்து பிரித்து உரப்பைகளில் கட்டி வந்தது. தியாகராசாவுடையதில் எஞ்சினின் அடிப்பாகம் நல்லது, செல்வரட்ணத்துடையதில் மேற்பாகமும் தீப்பொறி தருகிற மக்னெற் சக்கரமும் நல்லது. சேர்த்துப் பூட்டினால் இரண்டு வீட்டுக்கும் ஒன்றாவது ஓடும்.

இரண்டும் சீதனம். எண்பத்தைந்தில் அடுத்தடுத்துக் கலியாணம். "ஜப்பானிலையிருந்து ஒரே பெட்டியிலை வந்த சோடி. எனக்கு ரெண்டு மருமக்களும் ஒண்டுதான்" என்று குணலட்சுமியின் அப்பா ஊருக்கெல்லாம் சொன்னார்.

பொய். மூத்த மருமகன் செல்வரட்ணத்துக்குக் கொடுத்தது ஆறு வருஷம் பழைய மொடல், மேலே புதுச் சிவப்பு. அதை அப்பா குணலட்சுமிக்கு மட்டும் சொன்னார்: "கை எட்டேல்லை, பிள்ளை. நீ பொறுப்பாய் எண்டு தெரியும்."

பொறுத்தாள். ஏழு வருஷம். சிவப்பு உரிந்த இடமெல்லாம் கியூடெக்ஸ் பூசிப் பூசி மறைத்தாள். (நகத்துக்குப் பூசுவதுதான். நாலு போத்தல் முடிந்தது.) அப்பாவும் போய்விட்டார். இன்றைக்கு இந்தச் சாமான்கள் பொருந்தாவிட்டால், செத்த மனுஷனுக்குக் கள்ளன் என்று பெயர். அவளுக்கு அதில் பங்கு.

மாட்டுக்கு வைக்கோல் போடுவதுபோல் அங்கேயே நின்றாள். மாடு எவ்வளவுதான் தின்னும்?

4.

"மக்னெற்றிலை இருக்கிற கோடும் எஞ்சின் கூட்டுக் கோடும் நேரை நிக்குது, அண்ணை. உதையுங்கோ" என்றார் தியாகராசா, இரண்டையும் ஒன்றாகப் பூட்டி முடித்து.

செல்வரட்ணம் உதைத்தார். கிக்கர் திரும்பி அவர் முழங்காலில் உதைத்தது.

"ஐயோ அம்மா!"

"அம்மா இல்லை அண்ணை, மாமா. மேலையிருந்து உதைக்கிறார்."

குணலட்சுமிக்குச் சிரிப்பு வரவில்லை.

தியாகராசா பிளக்கைக் கழற்றி, ஓட்டைக்குள் ஒரு ஈர்க்கை விட்டுப் பார்த்தார். முகம் சுருங்கியது. "கோடு நேரைதான் நிக்குது. பிஸ்டன் அப்ப உச்சியிலை நிக்கவேணும், இதெண்டால் பாதி வழியிலை நிக்குது. அண்ணை, உது ஒரே மொடல் இல்லை."

5.

[செல்வரட்ணம் நட் கழற்றும் சாவியை எறிந்துவிட்டு, "உம்மடை அப்பா ஒரு—"

மூன்று தரம் எழுதினேன். மூன்று தரமும் அந்த மனுஷன் சாவியை எறிய மறுத்துவிட்டார். குணலட்சுமியைக் கிணற்றடிக்கு ஓடவிட்டும் பார்த்தேன். ஓடமாட்டாளாம். வைக்கோல் கையோடு நிற்கிறாள்.]

6.

செல்வரட்ணம் முழங்காலைத் தேய்த்துக்கொண்டு சொன்னார்: "இல்லைத்தான்."

"உங்களுக்குத் தெரியுமோ?" அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

"கலியாணம் முடிஞ்ச முதல் கிழமையே தெரியும். டாங்கைத் துடைச்சன். சிவப்புக்குக் கீழை நீலம்."

"பிறகேன் கேக்கேல்லை?"

"வெள்ளிக்கு வெள்ளி கியூடெக்ஸும் கையுமாய்த் திரிஞ்சீர். நகத்திலை ஒருநாளும் காணேல்லை. கேக்க மனம் வரேல்லை. மாமாவும் ஒவ்வொருக்கா வரேக்கையும் 'மருமோன், நல்லாய் ஓடுதோ?' எண்டு கேப்பார். ஓடினதுதானே. நான் என்னத்தைச் சொல்ல?"

"அப்ப எனக்குத்தான் நல்ல மொடலோ?" என்றார் தியாகராசா. "ஏழு வருஷம் பெருமைப்படாமல் விட்டிட்டன்!"

குணலட்சுமி வைக்கோலின்மேலேயே இருந்துவிட்டாள். சிரித்தாள் என்று எழுதினேன், வெட்டினேன். அழுதாள் என்று எழுதினேன், அதையும் வெட்டினேன். இரண்டையும் செய்தாள். மாடு அவளுக்குக் கீழேயிருந்த வைக்கோலை இழுத்தது.

7.

"தம்பி, ரெண்டு கோட்டையும் விடும். புதுசாய் ஒண்டு வைப்பம்" என்றார் செல்வரட்ணம். குணலட்சுமியிடம், "நீர் வந்து ஈர்க்கைப் பிடியும்."

சக்கரத்தை மெல்லத் திருப்பினார்கள். பிஸ்டன் தள்ள, ஈர்க்கு அவள் விரல்களுக்கிடையே மேலே ஏறியது.

"ஏறாமல் நிண்டிட்டுதோ?" என்றார் செல்வரட்ணம்.

"ஓம், நிண்டிட்டுது."

தீப்பொறி அந்த உச்சியில் விழும்படி உள்தட்டைத் திருப்பி இறுக்கினார்கள். கோடு போட ஒன்றும் அகப்படவில்லை. குணலட்சுமி உள்ளே போய்க் கியூடெக்ஸ் போத்தலோடு வந்தாள். ஒளிக்காமல், எல்லாரும் பார்க்க, புதுக் கோட்டை அவளே பூசினாள். மீதியை ஊதி ஊதி நகத்தில் பூசினாள்.

முடிவு என்னிடம் இரண்டு இருக்கிறது. சொல்லமாட்டேன். எனக்கு அவள் மூச்சு விட்டால் போதும், விட்டாள். செல்வரட்ணத்தின் முழங்கால் வீங்கிவிட்டது, தியாகராசாவுக்குப் பயம், அவளுக்கு நகம் இன்னும் காயவில்லை.

ஆகவே நீங்கள்தான் கிக்கரை உதைக்கவேண்டும். முகத்தை மட்டும் அந்தப்பக்கம் திருப்பிக்கொள்ளுங்கள். மண்ணெண்ணெய்ப் புகை, கண்ணைக் கரிக்கும்.