சர்க்கரை வடிந்த புல்

காலையில் அவள் தீவனத்தோடு போனபோது கிழட்டுப் பெண்குதிரை தலையைத் திருப்பவில்லை. முன்கால்களை நீட்டி வைத்து, உடம்பின் பாரத்தையெல்லாம் பின்னுக்குத் தள்ளி, சுடுமணலில் நிற்பதுபோல் நின்றது. குனிந்து குளம்பைத் தொட்டாள். கொதித்தது.

குதிரையேற்றப் பள்ளி அவளுக்கும் அண்ணனுக்கும் சொந்தம். நடத்துவது அவள், அண்ணன் கூட இருந்தான், அவ்வளவுதான். அண்ணி விட்டுப் போனதிலிருந்து மனிதர்களோடு அவனுக்குப் பேச்சு குறைந்துவிட்டது. யாரும் ஏறாத இந்தக் குதிரையிடம்தான் பேசுவான். போகும்போது கையில் ரொட்டியோ ஆப்பிளோ சர்க்கரைக்கட்டியோ இருக்கும். குதிரை பீப்பாய்போல் ஊதி, பிடரியில் கொழுப்பு மேடு தட்டியிருந்தது. நல்ல கவனிப்பு என்று வருகிறவர்கள் மெச்சிவிட்டுப் போவார்கள்.

கால்நடை டாக்டரம்மா வந்து ரத்தம் எடுத்தார், குளம்பை எக்ஸ்ரே படம் பிடித்தார். முடிவு வந்ததும் நேரிலேயே வந்தார்.

"இன்சுலின் தாறுமாறா ஏறியிருக்கு. அதனால குளம்புக்குள்ள எலும்பைப் பிடிச்சிருக்கிற சதை விட்டுப்போகுது. எலும்பு கொஞ்சம் திரும்பிடுச்சு. இன்னும் திரும்பி கீழ இறங்கினா ஊசி போட்டு முடிச்சிடறதுதான் அதுக்கு நல்லது. பச்சைப்புல்லே கூடாது. காய்ஞ்ச புல்லையும் ஊறவச்சு, சர்க்கரைத் தண்ணிய வடிச்சுட்டுக் குடுங்க. இனிப்பெல்லாம் யாரு குடுக்கறது?"

"நான் சொல்லிக்கறேன்" என்றாள்.

மதியம் சாப்பாட்டு மேசையில்தான் சொன்னாள்.

"அண்ணா, நீ குடுக்கறதுதான் அது கால உடைக்குது."

அவன் தட்டைப் பார்த்தபடியே இருந்தான். "அதுக்கு வேற என்ன சந்தோஷம் இருக்கு?"

அதுக்கா உனக்கா என்று நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டாள்.

அதன்பின் அவன் லாயத்துப் பக்கம் தலைகாட்டவில்லை. லாடக்காரர் வந்து லாடத்தைக் கழற்றி, குளம்புக்கு அடியில் மெத்தை கட்டிவிட்டுப் போனார். குளம்பின் சூடு தணிந்தது. ஆனால் காலடி கேட்டால் குதிரை காதை நிமிர்த்தும்; வந்தது அவள் என்று தெரிந்ததும் தளர்த்திக்கொள்ளும். அவளுக்கு அது சுருக்கென்றிருந்தது.

அண்ணனின் அறைவாசலில் போய் நின்றாள். "சும்மா வந்து பாரேன்."

"வெறுங்கையோட போய் என்ன பண்றதுன்னு தெரியல" என்றான்.

இரண்டாவது படம் எடுக்க டாக்டரம்மா வரவேண்டிய நாள் காலையில், முற்றத்தில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டு அவள் எட்டிப் பார்த்தாள். காய்ந்த புல் திணித்துத் தொட்டியில் ஊறவைத்த வலைப்பையை அண்ணன் இரு கைகளாலும் தூக்கிப் பிடித்திருந்தான். தேநீர் நிறத்தில் தண்ணீர் ஒழுகி அவன் கால்சட்டையை நனைத்தது. லாயத்துக்குள்ளிருந்து குதிரை அவனைப் பார்த்தது. முன்காலை மெல்லத் தூக்கி, எங்கே வைப்பதென்று யோசிப்பதுபோல் அந்தரத்திலேயே வைத்திருந்தது. சொட்டும் வலையோடு அவனும் அசையாமல் நின்றான்.