ஏழாம் இலக்கக்காரி

நாளைக்குக் கண்டியோடு ஆட்டம். பதுளைக் கல்லூரியின் கூடைப்பந்துப் பெண்கள், பயிற்சியாளர் சந்திரகாந்தியின் மடிக்கணினியில் கண்டி அணியின் பழைய ஆட்டமொன்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். திரையில் ஏழாம் இலக்கக்காரி பந்தோடு பாய்ந்தாள். மறித்து நின்றவள் சுருண்டு விழுந்தாள்.

"மேனுஷா, இவள நீதான் மறிக்கணும்," என்றார் சந்திரகாந்தி.

மேனுஷா பின்னால் திரும்பிப் பார்த்தாள். போன வருடம் ஏழாம் இலக்கக்காரியோடு மோதி விழுந்த கலாராணி, இன்னும் நொண்டிக்கொண்டுதான் நடக்கிறாள்.

"என்னால ஏலாது டீச்சர். பயமா இருக்கு."

பின்னால் உட்கார்ந்திருந்த கலாராணிதான் வாயைத் திறந்தாள்.

"எனக்கும் பயந்தான். வெளிய சொல்ல வெக்கப்பட்டு, அவ வர்றப்ப கண்ண மூடிக்கிட்டேன். அதுலதான் விழுந்தேன். நீ பயந்தாலும் அவளப் பாத்துக்கிட்டே நில்லு."

மறுநாள் விசில் ஊதியதும் ஏழாம் இலக்கக்காரி முதல் பந்தோடு நேராக மேனுஷாவை நோக்கி வந்தாள். மேனுஷா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். மோதலில் இருவரும் விழுந்தார்கள். மேனுஷா முழங்காலைத் தடவிப் பார்த்துவிட்டு எழுந்தாள்.

பதுளை அன்றைக்குத் தோற்றது. கடைசி விசில் வரைக்கும் மேனுஷாவுக்குப் பயம் போகவில்லை. ஆனாலும் அவள் இடத்தை விட்டு விலகவில்லை.