ஈசானி மூலைத் தண்ணீர்

என் ஓரகத்தி கீதா வீட்டுக் குளியலறையில் யாராவது குளித்தால் நடுச்சுவர் வழியாக எங்கள் சமையற்கட்டில் சத்தம் கேட்கும். பாத்திரம் விளக்குவதை நிறுத்திவிட்டு நான் அதைக் கேட்டுக்கொண்டே நிற்பேன். தண்ணீர் கடகடவென்று பாதாளச் சாக்கடைக்குள் இறங்கிப் போகும். எங்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. எங்களுடையது செப்டிக் டேங்க். அதில் தண்ணீர் இறங்குவதில்லை, ஏறுகிறது.

இரண்டும் ஒரே வீடுதான், மாமனார் கட்டியது. பாகம் பிரித்தபோது நடுவில் சுவர் எழுப்பி, மேற்குப் பாதியை என் வீட்டுக்காரர் திருமலைசாமிக்கும் கிழக்குப் பாதியை அவர் தம்பி ரங்கராஜுக்கும் கொடுத்தார்கள். சாக்கடைக் குழாய் முதலில் கிழக்கு வீதிக்கு வந்தது. கீதா உடனே இணைப்பு வாங்கிவிட்டாள். எங்கள் வீதிக்குக் குழாய் வருவதற்குள் லைன் தாங்காது என்று புது இணைப்பையே நிறுத்திவிட்டார்கள். அவளுக்கு எல்லாமே அப்படித்தான் வாய்க்கும். பேரையே பாருங்கள், கீதா. எனக்கு வைத்திருக்கிறார்கள், மயிலாத்தாள் என்று.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். என் மகள் ஹரிதா தலைப்பிரசவத்துக்கு வந்த பிறகுதான் தாங்க முடியவில்லை. லாரி வந்து டேங்கை உறிஞ்சிவிட்டுப் போனாலும், சில நாளில் பாத்ரூமில் தண்ணீர் திரும்ப வந்து நிற்கும். நிறைமாதக்காரி வழுக்கி விழுந்தால் என்ன ஆவது? தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு சித்தி வீட்டுக்குக் குளிக்கப் போக ஆரம்பித்தாள். குளிக்கப் போனவள் சாப்பிட்டுவிட்டு வந்தாள். பிறகு மத்தியானத் தூக்கமும் அங்கேதான் என்று ஆகிவிட்டது.

“ம்மா, கொழந்த பொறந்தா சித்தி ஊட்லயே இருந்துக்கறேன். இங்க நாத்தம் தாங்கல,” என்றாள் ஒரு நாள்.

“உன்னப் பெத்தது நானா, உங்க சித்தியா?”

“இப்ப அதுவா பேச்சு?”

அதுதான் பேச்சு. கீதாவுக்குப் பெண் பிள்ளை கிடையாது. லைனை எடுத்துக்கொண்டாள், போகட்டும். என் பேரக்குழந்தைக்கு முதல் தண்ணீர் ஊற்றுவதும் அவள்தானா? அடுத்த நாளே வார்டு ஆபீசுக்குப் போய் உட்கார்ந்துவிட்டேன்.

அங்கே இன்ஜினியர் மதன்குமார் சின்ன வயதுக்காரர், ஆனால் பொறுமைசாலி.

“ஏனுங்கம்மா, மழ பேஞ்சா மேன்ஹோல் மூடியே மேல வந்துருதுங்க. கனெக்சன் இருக்கறவங்க தண்ணியே போகமாட்டேங்குது. இதுல உங்களுக்கு எப்படிங்க பர்மிசன் தர்றது?”

“பக்கத்தூட்டுக்கு மட்டும் போகுதுங்களே சார்?”

“மொட்டமாடித் தண்ணிய நெறையப் பேரு திருட்டுத்தனமா இந்த லைன்ல உட்டுபோடறாங்க. அத அடைச்சாத்தானுங்க எடம் கெடைக்கும்.”

எனக்குக் கீதா வீட்டுப் பின்பக்கம் கண்ணுக்குள் வந்து நின்றது. மாடியிலிருந்து ஒரு தடித்த பைப் இறங்கி, நேராகச் சாக்கடைத் தொட்டிக்குள் போகும்.

“என்ற ஓரகத்தி ஊட்ல அப்படி ஒண்ணு இருக்குதுங்க சார்,” என்றேன். சொல்லும்போது கொஞ்சமும் உறுத்தவில்லை. நாக்கு இனித்தது.

மறுநாள் காலையில் அவர் பார்க்க வந்தார். நானும் கூடவே போனேன். அவள் முழிக்கிற முழியைப் பார்க்காமல் இருக்க முடியுமா? ஹரிதா அங்கே கட்டிலில் சாய்ந்து மாதுளை தின்றுகொண்டிருந்தாள். கீதா எல்லாருக்கும் மோர் கொண்டுவந்தாள். காரமடைக்காரி, இஞ்சி தட்டிப் போட்டு நன்றாகத்தான் செய்வாள். நான் குடிக்கவில்லை.

மாடிக்கு ஏறினோம். கீதாவின் பக்கத்தில் மதன்குமார் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிப் பார்த்தார். அது கிழக்கே ஓடி மழைநீர்த் தொட்டிக்குள் இறங்கியது. தடித்த பைப் பக்கம் ஒரு சொட்டுகூடப் போகவில்லை. அந்த பைப் எங்கிருந்து வருகிறது என்று பார்த்துக்கொண்டே போனார். நடுச்சுவரின் அடியில் இருந்த ஓர் ஓட்டையில் அது முடிந்தது. குனிந்து ஓட்டை வழியாகப் பார்த்தார். நானும் பார்த்தேன். அந்தப் பக்கம் கொடியில் என் சேலை காய்ந்துகொண்டிருந்தது.

அந்த ஓட்டையைப் போடச் சொன்னதே நான்தான். மாடித் தண்ணீர் மேற்கே ஓடினால் குடும்பத்துக்கு ஆகாது, ஈசானி மூலைக்குத்தான் ஓட வேண்டும் என்று வாஸ்துக்காரர் சொன்னார். கொத்தனாரைக் கூப்பிட்டு மாடித் தளத்தின் சரிவு வாட்டத்தையே வடகிழக்காகத் திருப்பினேன். எங்கள் வடகிழக்கு மூலை அந்த நடுச்சுவரில் முடிகிறது. அதைத் தாண்டித் தண்ணீர் எங்கே போகும் என்று நான் யோசிக்கவில்லை. யோசித்திருந்தாலும், அவள் மாடியில்தானே, தேங்கட்டும் என்று விட்டிருப்பேன்.

“இது யாரு உட்ட தண்ணிங்க?” என்று நிமிர்ந்தார் மதன்குமார்.

நான் வாயைத் திறப்பதற்குள் கீதா முந்திக்கொண்டாள். “ரெண்டும் ஒரே மாடிதானுங்க சார். ரெண்டு பக்கத் தண்ணியும் சேந்து தேங்கி எங்கூட்டுக்குள்ள ஒழுகுச்சுங்க. நாந்தான் தெரியாம பைப்பப் போட்டு சாக்கடைல உட்டுபோட்டேன். என்ற பேர்லயே எழுதிக்குங்க.”

இத்தனை மழைக்கும் அவள் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டிருந்தால் நான் சண்டைக்கு நின்றிருப்பேன், அது அவளுக்குத் தெரியும். லைனை நிரப்பி என் இணைப்புக்கு நானே குறுக்கே நின்றிருக்கிறேன். பழியை அவள் வாங்கிக்கொள்கிறாள். படியடியில் ஹரிதா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றாள். எனக்கு வெட்கத்துக்கு முன்னால் வயிற்றெரிச்சல்தான் வந்தது. லைன் அவளுக்கு, மகள் அவளுக்கு, இந்த நல்ல பேரும் அவளுக்கா?

“அவ பேர்ல எழுதாதீங்க சார்!” என்றேன், கீழே கேட்கட்டும் என்று சத்தமாகவே. “ஓட்ட என்னுது, தண்ணியும் என்னுது. இன்னைக்கே அடைச்சு, வாட்டத்த மேக்க திருப்பிபோடறேன்.”

“அப்படிச் செஞ்சுபோடுங்க. மத்தவங்க பைப்பையும் அடைச்சுபோட்டு உங்க மனுவ மேல அனுப்பறேனுங்க. எப்படியும் ரெண்டு மூணு மாசம் ஆகுமுங்க.”

ஹரிதாவுக்கு இந்த வாரமோ அடுத்த வாரமோ. நான் படியிறங்கினேன். கீதா பின்னாலேயே வந்து என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அதுவரைக்கும் நீங்களும் எங்கூட்டுக்கே வந்துருங்கக்கா. கொழந்தைக்கு மொதத் தண்ணி நீங்கதான் ஊத்தோணும்.”

ஹரிதா சிரித்துக்கொண்டே என்னைப் பார்த்தாள். சரி என்று தலையாட்டினேன். முதல் தண்ணீர் நான்தான் ஊற்ற வேண்டும் என்பதையும் கீதாதான் முதலில் சொன்னாள்.