சல்லடையின் மிச்சம்

ஹனோயில் எங்கள் கணித நிறுவனத்தில் என்ன கண்டுபிடித்துக்கொண்டு போனாலும் ஒரே கேள்விதான் கேட்பார்கள்: இது இரட்டைக்கு உதவுமா? பதினொன்றும் பதின்மூன்றும், பதினேழும் பத்தொன்பதும் போல, இரண்டு தள்ளி நிற்கும் பகா எண் ஜோடிகள், அதாவது இரட்டைகள், முடிவில்லாமல் வந்துகொண்டே இருக்குமா என்று உலகத்தில் யாருக்கும் தெரியாது. தெரியாத அந்த ஒரு விஷயம்தான் எங்களுக்கு வேலை போட்டுத் தருகிறது, விமான டிக்கெட் எடுத்துத் தருகிறது, ஜன்னலோர மேசை யாருக்கு என்றும் முடிவு செய்கிறது.

ஜன்னலோர மேசை குவேவுடையது. என்னைவிட ஒரு வயது இளையவள். அப்பா, அம்மா இருவரும் கணிதப் பேராசிரியர்கள். அவள் எழுதுவது எதுவும் அப்பா பார்த்துச் சரி சொன்ன பிறகுதான் வெளியே போகும். என் அப்பா நியே ஆன் மாகாணத்தில் ஒரு செங்கல் சூளையில் வேலை செய்கிறார். மகள் என்ன படிக்கிறாள் என்று யாராவது கேட்டால், கணக்குப் போடுகிறாள் என்பார். அதற்கு மேல் அவருக்கும் தெரியாது, கேட்டவருக்கும் வேண்டாம். எங்கள் இருவருக்கும் வழிகாட்டி லாப் சார். குவேவுக்கு இரட்டையைக் கொடுத்தார். எனக்குச் சல்லடை.

சின்னப் பகா எண்களின் மடங்குகளை எல்லாம் தூக்கி எறிந்துவிட்டு என்ன மிஞ்சுகிறது என்று பார்ப்பதற்குச் சல்லடை என்று பெயர். மிஞ்ச வேண்டியதற்கும் உண்மையில் மிஞ்சுவதற்கும் ஒரு வித்தியாசம் வரும். அந்த வித்தியாசம் எவ்வளவு பெரிதாகலாம் என்பதுதான் என் ஆராய்ச்சி. யாரும் கேட்காத கேள்வி. எனக்குப் பிடித்திருந்தது.

வியாழக்கிழமைக் கூட்டத்தில் என் தேற்றத்தைச் சொன்னேன். லாப் சார் சூரியகாந்தி விதையைக் கொறித்துக்கொண்டே கேட்டார்.

"நல்லாத்தான் இருக்கு. இத வெச்சு இரட்டைக்கு என்ன பண்ணலாம்?"

"ஒண்ணும் பண்ண முடியாது சார்."

"அப்ப எதுக்கும்மா இவ்வளவு கஷ்டப்பட்ட?"

எல்லோரும் சிரித்தார்கள். தேற்றத்தை இழுப்பறையில் போட்டு மூடினேன்.

அடுத்த வியாழன் குவேவின் முறை. அவள் நிரூபித்தது இரட்டையை அல்ல, அதற்கு ஒரு படி கீழே உள்ளதை. ஆனால் அந்தப் படியில் அதுவரை யாரும் கால் வைத்ததில்லை. லாப் சார் எழுந்து நின்று கைதட்ட, மற்றவர்களும் தட்டினார்கள். அந்த வருடம் நிறுவனத்தில் நிரந்தர வேலை ஒன்றுதான் காலி. அது யாருக்கு என்று தெரிந்துகொள்ள எனக்குக் கணிதம் தேவைப்படவில்லை. மத்தியானம் சுட்ட இறைச்சியும் நூடுல்ஸும் தரும் பூன் சா கடையில் எல்லோருக்கும் அவள்தான் வாங்கிக் கொடுத்தாள். என் கிண்ணத்தில் தன் பங்கு இறைச்சியையும் எடுத்துப் போட்டு, சாப்பிடுங்கக்கா என்றாள். அந்த 'அக்கா'வைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை.

அவள் கட்டுரையை வாங்கிப் படித்தேன். கற்றுக்கொள்ள அல்ல, அவளைக் கவிழ்க்க. எங்காவது ஓர் ஓட்டை இருக்க வேண்டும் என்று வாரக்கணக்கில் மோப்பம் பிடித்தேன். இருபதாம் பக்கத்தில் இருந்தது.

எங்கள் ஆட்களுக்கு ஒரு வழக்கம். அளவு முக்கியமில்லாத நிலையான எண் வந்தால் 'சி' என்று எழுதிவிடுவோம். அடுத்த வரியில் அது இரண்டு மடங்கானாலும் 'சி'தான். யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. 'சி'யைக் கண்டால் கண் தானாகவே தாண்டிப் போகும். குவேவின் 'சி' நிலையாக இல்லை. சல்லடை பெரிதாக ஆக அதுவும் பெரிதானது. மூன்று பக்கம் தள்ளி அவள் சல்லடையை எல்லையில்லாமல் பெரிதாக்குகிறாள். அங்கே 'சி' எல்லாவற்றையும் விழுங்கிவிடும். கைதட்டிய அத்தனை பேரும் அதைத் தாண்டிப் போயிருந்தார்கள்.

அன்று சாயங்காலம் வரை எனக்கு இருந்த சந்தோஷம் வாழ்க்கையில் வேறு எதிலும் கிடைத்ததில்லை. பிறகுதான் உறைத்தது. அந்த 'சி'யைக் கட்டி நிறுத்த என்ன வேண்டுமோ, அது என் இழுப்பறையில் கிடந்தது.

ஓட்டையைச் சொன்னால் என் தேற்றத்தைக் கேட்பாள். கொடுத்தால், கட்டுரையின் கடைசியில் பின்னிணைப்பு என்று போட்டு என் பெயரைச் சேர்ப்பார்கள். உதவியவர்களுக்கு எங்கள் தொழிலில் அதுதான் மரியாதை. அடுத்தவள் வீட்டுக்குப் பின்கட்டில் ஒரு அறை.

எனவே முதலில் என் கட்டுரையை எழுதி, எல்லோரும் பார்க்கும் இணையக் களஞ்சியத்தில் போட்டேன். இரட்டை என்ற சொல்லே அதில் இல்லை. அது வெளிவந்த பிறகு ஜன்னலோர மேசைக்குப் போனேன்.

"இருபதாம் பக்கத்துல உன்னோட 'சி' சல்லடையோட சேர்ந்து வளருது."

நான் முடிக்கும் முன்பே அவள் முகம் வெளுத்தது. அவளுக்குப் புரிந்த அந்த வேகத்தின் மேலும் எனக்குப் பொறாமைதான்.

"எல்லாம் போச்சாக்கா?"

"போகல. நேத்து ஒரு கட்டுரை போட்டிருக்கேன். அத மேற்கோள் காட்டினா நிக்கும்."

திறந்து படித்தாள். தேதியைப் பார்த்தாள்.

"ஓட்டை எப்ப தெரிஞ்சுது?"

"போன வாரம்."

"எங்கிட்ட முதல்ல சொல்லியிருந்தா ரெண்டு பேர் பேர்லயும் போட்டிருப்பேனே."

"நீ போட்டிருப்ப. உங்கப்பா விட்டிருப்பாரா? பின்னிணைப்பு போதும்னு சொல்லியிருப்பார்."

அவள் இல்லை என்று சொல்லவில்லை. பொய் சொல்லத் தெரியாதவள். அதுவும் ஒரு எரிச்சல்.

என் கட்டுரையை யாரும் சீண்டவில்லை. குவே திருத்திய கட்டுரையைப் போட்ட பிறகுதான் எனக்கு மின்னஞ்சல்கள் வரத் தொடங்கின. முதல் கடிதம் கொரியாவின் சியோலிலிருந்து. அருமையான தேற்றம், இதை இன்னும் கொஞ்சம் இழுத்தால் இரட்டை வரை எட்டுமா என்று கேட்டிருந்தார்கள். அடுத்ததிலும் அதே கேள்வி.

லாப் சார் கூப்பிட்டார். உதவாது என்று சொன்னாயே என்றார். உதவ வேண்டும் என்று செய்யவில்லை சார் என்றேன். தலையை ஆட்டிக்கொண்டார். வேலை குவேவுக்குத்தான் போனது.

அவளுக்குத் தனி அறை கிடைத்ததும் ஜன்னலோர மேசை காலியானது. யாரையும் கேட்காமல் என் சாமான்களை அங்கே மாற்றிக்கொண்டேன். இழுப்பறையில் இன்னொரு கேள்வி பாதியில் கிடக்கிறது. எதற்கும் உதவாதது, எனக்கு மிகவும் பிடித்தது. அதைத் திறந்தே பல மாதமாகிறது. மேசைமேல் விரித்திருப்பது இரட்டை.

குவேவும் அதைத்தான் போட்டுக்கொண்டிருக்கிறாள். அவள் முடிப்பதற்குள் நான் முடிக்க வேண்டும்.