அவர் வாயில் என் பெயர்

…இன்றைக்கும் வரவில்லை. குடை வந்தது, பூட்டு வந்தது, கத்தரிக்கோலுக்குக் கொஞ்சம் முழித்தாலும் அதுவும் வந்துவிட்டது, பேச்சுப் பயிற்சி கொடுக்கிற ஆக்ஸிலியா படங்களை மூடிவிட்டு என்னைக் காட்டி, "அங்கிள், இவங்க பேரு என்ன, சொல்லுங்க பாப்போம்" என்றதும்தான் வழக்கம்போல உதடு குவிந்தது, விரிந்தது, அப்புறம் ஒன்றுமில்லை… "பரவாயில்ல ஆன்ட்டி, நீங்க தினம் சொல்லிச் சொல்லிக் குடுங்க" என்று அந்தப் பெண் பையை மாட்டிக்கொண்டு போய்விட்டது. போன மழைக்காலத்தில் மூளையில் ரத்தம் அடைத்து விழுந்தார் என் வீட்டுக்காரர், கையும் காலும் தேறிவிட்டன, பேச்சுதான் முரண்டு பிடிக்கிறது, கல்யாணமாகி வந்த நாளில் இருந்து இந்த மனிதரோடு பேசியது போதாதென்று இப்போது அவருக்கும் சேர்த்து நானே பேச வேண்டியிருக்கிறது, அலுத்துவிட்டது.

எங்கள் மலையூர்க் கடைக்குள் மேகம் புகுந்து சாக்லேட் கண்ணாடியெல்லாம் வேர்த்துக் கிடக்கிறது, துடைக்க வேண்டும், துடைத்தால் மட்டும் என்ன, திரும்ப வேர்க்கும்… பண்ணைக்காட்டு மிளகு மூட்டையைப் பிரிக்க வேண்டும்… அதோ தொப்பி போட்ட ஒரு குடும்பம் வாசலைத் தாண்டுகிறது, இவர் நாற்காலியில் நிமிர்ந்து, "வாங்க சார், ஹோம்மேட் சாக்லேட், டேஸ்ட் பாருங்க, புடிச்சா வாங்குங்க" என்கிறார், ஒரு எழுத்து பிசகவில்லை, தொழுகையில் அல்ஹம்து சூராவும் இப்படித்தான், தடங்கலே கிடையாது. பழகிப்போன பேச்சு தானாக வந்துவிடும், தேடி எடுக்கிற சொல்தான் மாட்டிக்கொள்ளும் என்று ஆக்ஸிலியா விளக்கியது. அப்படியானால் நான் பழகவில்லையா? யாரோ ஊர்பேர் தெரியாத சாருக்கு இருக்கிறது, பூட்டுக்கு இருக்கிறது, எனக்கு மட்டும் இந்தத் தலையில் இடமில்லையா? ராத்தூக்கம் போனதே இந்தக் கேள்வியில்தான், பிள்ளைகளிடம் சொல்லவும் வெட்கம், மகள் ஆஃப்ரா கேட்டால் சிரிப்பாள்.

சரி, சொல்லிக் கொடுப்போம் என்று பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு, "ஹமீதுன்னிசா… எங்க, வெரசா சொல்லுங்க, ஹமீ…" என்றேன். என் பெயர் என் வாயிலேயே யாருடையதோ போல இருந்தது. அவர் என் வாயையே பார்த்தார், பாவம், அந்தப் பார்வையில் எதையோ தொலைத்தவரின் தவிப்பு இல்லை, புதிதாக ஒன்றைக் கேட்கிறவரின் முகம்தான் இருந்தது… இவர் இதைக் கடைசியாக எப்போது சொன்னார்? யோசித்தேன். ஆஃப்ரா பிறந்தபோது? இல்லை. நிக்காஹ் அன்று? அன்றைக்கும் ஓதிவைத்த ஹஜ்ரத்துதான் என் பெயரைச் சொன்னார், இவர் சம்மதம் மட்டும் சொன்னார். பிறரிடம் நான் 'வீட்ல', பிள்ளைகளிடம் 'அம்மா', நேரில்… நேரில் வெறும் செருமல். அவ்வளவுதானே, நான் மட்டும் என்ன, அவர் பெயரை ஆஸ்பத்திரியில் கேட்டபோதுகூட ஆஃப்ரா சொல்லட்டும் என்று நின்றவள். கடையில் வாங்கியே வைக்காத சரக்கை ஒவ்வொரு வாரமும் அலமாரியில் தேடச் சொல்லி இந்த மனிதரை வாட்டியிருக்கிறோம், ஆக்ஸிலியாவும் நானும். சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது, எதற்கும் தெம்பில்லை. ஆக்ஸிலியாவிடம் இதை எப்படிச் சொல்வது, சிரிக்காதா அந்தப் பெண்?

எழுந்து கண்ணாடியைத் துடைக்கப் போனேன். பின்னால் அந்தச் செருமல். என் கை துணியைப் போட்டுவிட்டு பிளாஸ்க்கைத் திறந்து டீயை ஊற்றிவிட்டது, நான் சொல்லாமலே, இத்தனை மாதமும் இப்படித்தான் ஊற்றியிருக்கிறேனா… டம்ளரை நீட்டினேன், வாங்கிக்கொண்டார். "கூப்பிட்டீங்களா?" என்றேன். உதடு குவிந்தது, விரிந்தது. காலையிலிருந்தே அவருக்குச் சளி. கூப்பிட்டாரா, சளிதானா, அதைச் சொல்லவும் அவருக்கு ஒரு சொல் வேண்டும்.