ராக்குவின் ரத்தமும் சுப்புத்தாயின் தண்ணீரும்

பிச்சைமணி ஊசி குத்தினால் எறும்பு கடித்த மாதிரிகூட இருக்காது என்று போடியில் பேர். ஆஸ்பத்திரி லேபில் பதினொரு வருஷ சர்வீஸ். சீட்டில் எழுதியிருந்தால் ரத்தம் எடுப்பார். ஏன், எதற்கு என்று கேட்கிற வழக்கமே கிடையாது.

எண்பத்து மூன்றாம் வருஷம், மலைமேல் ஏலத்தோட்டத்திலிருந்து ராக்குவை ஜீப்பில் கொண்டுவந்து சேர்த்தார்கள். டைபாய்டு. காய்ச்சல் ஒரு வாரத்தில் விட்டது; சீட்டு விடவில்லை. முதல் நாள் டாக்டர் ராஜாராம் ‘ரத்தப் பரிசோதனை, தினமும் இரண்டு வேளை’ என்று எழுதினார், நிறுத்தச் சொல்லி யாரும் எழுதவில்லை, அவ்வளவுதான் சங்கதி! பன்னிரண்டாம் நாள் ராக்கு வெளுத்துப்போய், எழுந்தாலே தலைசுற்றி விழுந்தாள். எட்டாக இருந்த ஹீமோகுளோபின் அளவு ஆறுக்கு வந்திருந்தது.

“குடல்ல எங்கயோ கசியுது. மதுரைக்கு அனுப்பி வயித்தத் திறந்து பாத்துற வேண்டியதுதான்” என்றார் டாக்டர்.

இந்த உடம்பில் கத்தி வைத்தால் பிழைப்பாளா? பிச்சைமணிக்கே சந்தேகம். ஆனாலும் சாயங்காலச் சீட்டு கையில் இருந்ததே, சிரிஞ்சோடு கட்டிலுக்குப் போனார்.

ராக்குவின் நாத்தனார் சுப்புத்தாய் குறுக்கே நின்றாள். போடிக் கடையில் ஏலக்காய் தரம் பிரிக்கிறவள். காலி குளுக்கோஸ் பாட்டில் ஒன்றைத் தூக்கிக் காட்டினாள். உள்ளே தண்ணீர்.

“என்னத்தா இது?”

“நீங்க எடுத்ததுண்ணே. சிரிஞ்சுல எம்புட்டு ஏறுதுன்னு பாத்து, மருந்து மூடியால அம்புட்டுத் தண்ணி ஊத்தி வச்சேன். மூடையில சாம்பிள் எடுத்தா, எடுத்தத எடை போட்டு எழுதுவோம். அத விட்டுட்டு, மூடை கொறஞ்சிருச்சு, எலி தின்னுருச்சுன்னு ஓட்டையத் தேடுவாகளா?”

சத்தம் கேட்டு வந்த டாக்டர் பாட்டிலை வாங்கி அளவுக் கோட்டைப் பார்த்தார். ஐந்நூறு மில்லிக்குக் கொஞ்சம் குறைவு. முப்பத்தாறு கிலோ உடம்பிலிருந்து! மலத்தில் ரத்தம் இல்லை என்ற ரிப்போர்ட்டை மறுபடி புரட்டினார்.

“இம்புட்டுப் படிச்சும் எனக்குத் தோணலையே, தாயி” என்றார். அம்மாடியோவ், அந்த மனுஷன் அப்படிச் சொல்லிப் பிச்சைமணி கேட்டதே இல்லை. அவளைக் கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது அவருக்கு.

மதுரைப் பயணம் நின்றது. ஒரு வாரம் ஊசியே இல்லை. ஈரலும் இரும்பு மாத்திரையும்தான். எட்டாம் நாள் விரல்நுனியில் ஒரே சொட்டு எடுத்துப் பார்த்தார்கள். ஏழு!

அதைச் சொல்லத்தான் பிச்சைமணி ஓடினார். அவர் தலை தெரிந்ததுமே ராக்கு, ஊசி குத்திக் கன்றிப்போன இரு கைகளில் ஒன்றைத் தானாகவே நீட்டினாள்.

“வேணாம் தாயி, மடக்கிக்க” என்றார்.