இரண்டு பத்துக்கு வந்த போன்

சவப்பெட்டியைத் திறக்க முடியாது என்று ஃப்யூனரல் ஹோம்காரர் மூன்றாவது முறையாகச் சொன்னபோது, ஸ்வர்ணாவின் உள்ளங்கை வியர்வையில் அரிசி நசநசத்துவிட்டிருந்தது.

"மூடியிருக்கட்டும் ஸ்வர்ணா. மேலயே போட்டுடு," என்றார் ஹூஸ்டனிலிருந்து வந்திருந்த, புருஷனின் அண்ணா கஸ்தூரிரங்கன். இரண்டு நாள் சேற்றில் கிடந்த தம்பியை அடையாளம் காட்டியவர் அவர்தான். அதற்குப் பிறகு ஒரு வாய் காப்பிகூடக் குடிக்கவில்லை.

தலைமாடு எது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, மூடியின் மேலேயே புருஷனுக்கு வாய்க்கரிசி போட்டாள். பாதி அரிசி வழவழப்பான பலகையில் சரிந்து கம்பளத்தில் கொட்டியது.

சந்தானத்துக்குப் பாலைவன ஊரான எல் பாசோவில் வெள்ளக் கணக்குப் பார்க்கிற வேலை. பாலைவனத்தில் என்னடா வெள்ளம் என்று கேட்டுச் சிரிக்காத சொந்தக்காரர் கிடையாது. மலையில் மழை கொட்டினால் அந்தக் கெட்டித் தரை சொட்டுத் தண்ணீர் குடிக்காது. மொத்தமும் வறண்ட ஓடை வழியாக ஆள் உயரத்துக்கு இறங்கிவரும். ஓடை ரோட்டைக் கடக்கும் இடத்திலோ வெயில் காய்ந்துகொண்டிருக்கும், கார்க்காரன் நம்பி இறங்குவான். பதினொரு பேர் அப்படிப் போயிருந்தார்கள். அதற்காகத்தான் மலையடிவாரத்துப் பண்ணைக்காரர்கள் பன்னிரண்டு பேரிடம் மழை அளக்கும் குழாயைக் கொடுத்து, அரை மணியில் ஓர் அங்குலம் தாண்டினால் போன் பண்ணச் சொல்லியிருந்தான். வார நாளில் ஆபீசுக்கு, சனி ஞாயிறில் வீட்டுக்கு. கம்ப்யூட்டரைவிட அந்தக் கிழவர்களைத்தான் அவன் நம்பினான்.

அவர்களில் ஒருவரான ஒர்டேகா கடைசி வரிசையில் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் யாரும் உட்காரவில்லை.

"அதோ, அந்தக் கிழவன்தான்." கஸ்தூரிரங்கன் பல்லைக் கடித்தார். "போன் பண்ணேன், ஒரு லேடி எடுத்தாங்கறான். சுத்தப் புளுகு. ஆபீஸ்ல ரெக்கார்டே இல்லையாம். இவன் போன் பண்ணியிருந்தா சந்தானம் ஓடைக்குள்ள இறங்கி அளந்துண்டு நின்னிருப்பானா? இவனை லிஸ்ட்லேர்ந்து எடுத்துட்டு, இந்த போன் ஏற்பாட்டையே நிறுத்தப் போறேன்னு சந்தானத்தோட மேலதிகாரி சொல்லிட்டார். ஆத்துக்கு போன் வந்துதான்னு உன்னைக் கேக்கச் சொன்னார். வந்திருந்தா சொல்லியிருக்க மாட்டாளான்னு நானே பதில் சொல்லிட்டேன்."

ஸ்வர்ணா குனிந்து கம்பளத்தில் சிந்திய அரிசியைப் பொறுக்க ஆரம்பித்தாள்.

சனிக்கிழமை இரண்டு பத்துக்கு போன் வந்தது. எடுத்தவள் அவள்தான். "டூ இஞ்சஸ், செனோரா. ஹாஃப் அன் அவர்," என்றார் ஒர்டேகா, தன் ஸ்பானிஷ் மரியாதை விடாமல். இரண்டு அங்குலம் என்றால் ஐம்பது நிமிஷத்தில் வெள்ளம் ரோட்டுக்கு வந்துவிடும் என்பது, சாப்பாட்டு மேஜையில் அவன் ஓயாமல் பேசிப் பேசி அவளுக்கே மனப்பாடம். வாசலுக்கு ஓடினாள். ஓடையை அளக்கக் கிளம்பிய சந்தானம் முதுகைக் காட்டிக்கொண்டு பிக்கப் வண்டியை நோக்கிப் போய்க்கொண்டிருந்தான். 'ஏன்னா' என்று தொண்டை வரை வந்துவிட்டது.

கிளம்புகிறவரைப் பின்னாலிருந்து கூப்பிடக் கூடாது. சொல்லி வளர்த்தது அவள் அம்மா என்றாலும், அதைப் பிடித்துக்கொண்டு தொங்கியது சந்தானம்தான். வெள்ளத்தை நிமிஷக் கணக்கில் சொல்கிற மனிதன், மறந்துபோன டிபன் டப்பாவுக்காக ஒருமுறை கூப்பிட்டதற்கு, திரும்பி வந்து உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டுக் கால் மணி கழித்துத்தான் கிளம்பினான். அன்றைக்கென்று டயர் பஞ்சராக, ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான்.

வழியில் பெட்ரோல் போடும் கேஸ் ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்கு போன் பண்ணுவது அவன் வழக்கம். அப்போது சொல்லிக்கொள்ளலாம் என்று கதவைச் சாத்தினாள். அன்று அவன் எங்கும் நிறுத்தவில்லை. சேதியே சொல்லாமல் வெறுமனே கூப்பிட்டுத் தொலைத்திருந்தாலும், அந்தக் கால் மணி அவனை வீட்டில் பிடித்து வைத்திருக்குமே என்று நாலு நாளாக அதையே நினைத்துக்கொண்டிருந்தாள்.

கஸ்தூரிரங்கன் கடைசி வரிசைக்குப் போய் ஏதோ சொன்னார். ஒர்டேகா எழுந்து கதவைப் பார்த்து நடந்தார்.

"மிஸ்டர் ஒர்டேகா!"

இத்தனை பெரிய குரல் தன்னிடம் இருப்பது ஸ்வர்ணாவுக்கே தெரியாது. கிழவர் திரும்பினார்.

"யூ கால்ட். ஐ டுக் த போன்."

முன்வரிசையில் இருந்த மேலதிகாரி எழுந்துவிட்டார். கஸ்தூரிரங்கன் பதறிக்கொண்டு வந்தார். "என்ன சொல்றே நீ?"

"போன் வந்துது அண்ணா. நான்தான் எடுத்தேன். அவர் வண்டில ஏறப் போயிண்டிருந்தார். பின்னாலேர்ந்து எப்படிக் கூப்பிடறதுன்னு... விட்டுட்டேன்."

கஸ்தூரிரங்கன் திட்டத்தான் வாயைத் திறந்தார். ஆனால் அவரும் அதே வீட்டுப் பிள்ளை. அவர் கிளம்பும்போதும் யாரும் கூப்பிட்டது கிடையாது. பக்கத்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். ஒர்டேகா தன் இடத்துக்கே திரும்பி வந்து உட்கார்ந்து கண்ணைத் துடைத்தார்.

மேலதிகாரி தன் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். மழைத் தகவல் வந்தால் நிரப்ப வேண்டிய படிவம், சந்தானம் தயாரித்தது. நாளைக்கு எழுதிக்கொடுத்தால் போதும் என்றார். ஸ்வர்ணா பேனா கேட்டாள்.

ஆகஸ்ட் 11, 1984. தகவல் தந்தவர், ஒர்டேகா. மழை, இரண்டு அங்குலம். நேரம், 2.10. தகவலைப் பெற்றவர் என்ற இடத்தில் தன் பெயரை முழுசாக எழுதினாள். கடைசிக் கட்டத்தில் 'எடுத்த நடவடிக்கை' என்றிருந்தது.

"அதைக் காலியா விட்டுடும்மா," என்றார் கஸ்தூரிரங்கன் மெதுவாக.

எந்தக் கட்டம் காலியாக இருந்தாலும் தகவல் செல்லாது என்று அடியில் சந்தானம் அச்சடித்திருந்தான். அவள் அதைப் படித்தாள். பிறகு 'ஒன்றுமில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.